ரெண்டாம் விளை நாத்தங்கால்ல நாத்து நெட்டையா வெளுக்குது, ஓரம் கருகுது: குலை நோய் மருந்து அடிக்கலாமா?

வடகரப்பதி நஞ்சை

ரெண்டாம் விளைக்கு உமா ரக நெல்லு விட்டு 16 நாள் ஆச்சு. சேத்து நாத்தங்கால், 8 சென்ட், ஒரு ஏக்கருக்கான நாத்து. கரிசல் கலந்த மண்ணு. அடியுரம் தொழுவுரம் மட்டும்தான், மேலுரம் எதுவும் போடலை. விதை போன விளையில எடுத்து வச்சது. சூடோமோனாஸ் (நோய் தடுக்கற பாக்டீரியாத் தூள்) கிலோவுக்கு 10 கிராம் கலந்து ஊற வச்சு முளைகட்டி விட்டது.

இப்ப ரெண்டு விஷயம் தெரியுது. பாத்தி முழுக்க அங்கங்க சில நாத்து மத்ததை விட நாலு விரல் உசரமா, ஒல்லியா, வெளிறிப்போய் நிக்குது. அது போக, தண்ணி சரியா ஏறாத மேட்டு ஓரத்துல இலையெல்லாம் பழுப்புப் புள்ளி, நுனி காஞ்சு, தள்ளி நின்னு பாத்தா கருகின மாதிரி தெரியுது.

பக்கத்துக் கண்டத்துக்காரர், அதாவது பக்கத்து வயல்காரர், இது குலை நோய்தான், தமிழ்நாட்டு எல்லையில இருக்கற வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி ட்ரைசைக்ளசோல் வாங்கிட்டு வந்து அடின்னு சொல்றார். நடவுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு. அடிக்கலாங்களா?

மூலத்தறை மடை

இன்னிக்கு எதையும் அடிக்காதீங்க தம்பி. நீங்க சொல்ற ரெண்டும் ஒரே நோயா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஒண்ணு பாத்தி முழுக்கச் சிதறி இருக்கு, இன்னொண்ணு தண்ணி ஏறாத மேட்டுல மட்டும் இருக்கு. சிதறி வந்தா விதையைச் சந்தேகப்படணும். மேடு, ஓரம், மர நிழல், மடை வாய்னு இடம் பாத்து வந்தா தண்ணியையும் மண்ணையும் சந்தேகப்படணும்.

நாளைக்குக் காலையில பனி ஈரம் காயறதுக்கு முன்னாடி போய்ப் பாருங்க. நெட்டை நாத்துல அஞ்சை வேரோட பிடுங்கிக் கழுவி, மண்மட்டத்துக்கு மேல இருக்கற கணுவுல வேர் விட்டிருக்கான்னு பாக்கணும். அடித்தண்டுல வெள்ளையா, இளஞ்சிவப்பா மாவு பூத்திருக்கான்னும் பாருங்க. ஓரத்து நாத்துல இருந்து பத்து இலை பறிச்சு வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா, புள்ளி ரெண்டு முனையும் கூரா நீண்டு இருக்கா, இல்லை முட்டை வடிவமான்னு தெரியும். கையைத் தண்ணியில நனைச்சு நாத்து மேல 12 தடவை தடவி, உள்ளங்கையில எத்தனை இலைப்பேன் பூச்சி ஒட்டுதுன்னு எண்ணுங்க. வெளுப்பு புது இலையிலயா, பழைய இலையிலயாங்கறதும் வேணும். இது அஞ்சும் தெரியாம மருந்து சொல்றவங்க ஊகத்துல சொல்றாங்க.

பயிர்நோய்ப் பக்கம்

நெட்டை நாற்றைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பாத்தி முழுக்கத் திட்டு கட்டாமல் சிதறலாக, வெளிறி, ஒல்லியாக உயர்ந்து நிற்கிறது என்றால் முதல் சந்தேகம் பக்கானே நோய். ஃபியூசேரியம் ஃபியூஜிகுரோய் என்ற பூஞ்சை விதையோடு வருகிறது. அது சுரக்கும் ஜிப்ரலின்தான் நாற்றை இப்படி நீட்டுகிறது. 1926-இல் குரோசாவா என்ற ஜப்பானிய ஆய்வாளர் இந்தப் பூஞ்சை வளர்ந்த திரவத்தை, பூஞ்சையை நீக்கிவிட்டு, நெல் நாற்றுக்குக் கொடுத்தார். அப்போதும் நாற்று நெட்டையானது. இன்று கடையில் விற்கும் ஜிப்ரலிக் அமிலத்தின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அடையாளங்கள்: இலை தண்டோடு ஒட்டாமல் அகன்ற கோணத்தில் விரிந்திருக்கும். மண்ணுக்கு மேல் உள்ள கணுக்களில் வேர் கிளம்பும். நோய் முற்றினால் அடித்தண்டு பழுத்து, வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பூஞ்சை படியும். பாதித்த நாற்றெல்லாம் நீள்வதில்லை என்பதையும் கவனியுங்கள். சில குட்டையாகவே நின்று செத்துப்போகும், அவற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கலப்பு விதையால் வேறு ரக நாற்றும் உயரமாகத் தெரியலாம். ஆனால் அது நல்ல பச்சையாக, தண்டு திடமாக இருக்கும், மேல்கணுவில் வேர் இருக்காது. நிழலில் நீளும் நாற்று அந்த இடம் முழுவதும் ஒரே மாதிரி நீண்டிருக்கும்.

எருத்தேம்பதி கரிசல்

ஓரத்துப் புள்ளிக்கு வர்றேன். குலை நோயும் செம்புள்ளியும் நாத்தங்கால்ல ஒண்ணுக்கொண்ணு மாத்திப் பாக்கறது எப்பவும் நடக்கறதுதான்.

குலை நோய்ப் புள்ளி நடுவுல அகலமா, ரெண்டு முனையும் கூரா, கண் வடிவத்துல இருக்கும். நடு சாம்பல் நிறம், விளிம்பு பழுப்பு. நாலஞ்சு புள்ளி ஒண்ணா சேந்து இலையே காயும். இதுக்கு ராத்திரி 20 டிகிரியை ஒட்டின குளிர், இலையில பத்து மணி நேரத்துக்கு மேல ஈரம், தழைச்சத்து அதிகம், இந்த மூணும் சேரணும். தண்ணி நிக்கற பாத்தியை விட வறண்ட பாத்தியில கூடுதலா வரும், அதனால மேட்டு ஓரம்னு சொன்னதும் குலை நோயும் நினைப்புக்கு வரத்தான் செய்யும்.

செம்புள்ளி எள் அளவு, எள் வடிவம். முழுக்கப் பழுப்பா இருக்கும், பெரிசானா நடு வெளுக்கும், சுத்தி மஞ்சள் வளையம் தெரியும். புள்ளி இலை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவுல பரவி இருக்கும். பைபோலாரிஸ் பூஞ்சை. பசியில இருக்கற நாத்தைத்தான் பிடிக்கும். சாம்பல்சத்து கம்மி, தண்ணி கம்மி, வேர் ஓடாத மண்ணு, இதெல்லாம் இருந்தா செம்புள்ளி. 1943 வங்காளப் பஞ்சத்துக்கு முந்தின விளைச்சல்ல அங்க நெல்லை அழிச்சதுல இதுக்கும் பங்கு இருந்துச்சு, சின்னப் புள்ளிதானேன்னு விடற நோய் இல்லை.

நீங்க மேலுரமே போடலைன்னு சொல்றீங்க. அதை வச்சுப் பாத்தா எனக்குச் செம்புள்ளிப் பக்கம்தான் தோணுது. இலையைப் பாத்துட்டு உறுதி பண்ணிக்கலாம்.

இன்னொண்ணும் சேத்துக்கங்க. கேரளத்துல பெரும்பாலான இடம் புளிச்ச மண்ணு, நம்ம சித்தூர் தாலூக்கா கிழக்குப் பக்கம் சுண்ணாம்பு கலந்த கரிசல். இதுல வறண்ட பாத்தியில இரும்புச்சத்து நாத்துக்குக் கிடைக்காது. அப்ப புது இலை நரம்பு பச்சையா, நடுவுல வெளுத்து, அப்புறம் முழுசா வெள்ளையாயிடும். புள்ளியே இருக்காது. அதை நோய்னு நினைச்சுப் பூஞ்சைக்கொல்லி அடிச்சு ஒரு பயனும் இல்லை. தண்ணி கட்டினாலே பாதி தேறும். மீதிக்கு ஃபெரஸ் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கலந்து சாயங்காலம் தெளிக்கணும்.

வேலந்தாவளம் தராசு

மருந்து விஷயத்தைத் தெளிவா சொல்லிடறேன். 2011-ல கேரள அரசு தடை பண்ணின பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லிப் பட்டியல்ல ட்ரைசைக்ளசோல் இருக்கு. எடிஃபென்பாஸும் இருக்கு. நாத்தங்கால்ல குருணையா போடற கார்போஃபியூரான், ஃபோரேட் ரெண்டும் அதே பட்டியல்ல வருது. தமிழ்நாட்டுப் பக்கம் கடையில ட்ரைசைக்ளசோல் கிடைக்குதுன்னா அது அந்தப் பக்கத்து வயலுக்கு. வாங்கிட்டு வந்து வடகரப்பதியில அடிச்சா சட்டப்படி தப்பு. எல்லைக்கு அந்தப் பக்கம் எழுதின பரிந்துரையை அப்படியே இங்க எடுத்துக்கறதுல இருக்கற சிக்கல் இதுதான், கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகக் கையேட்டுல குலை நோய்க்கு ட்ரைசைக்ளசோலும் இருக்கு.

சட்டத்தை விட்டுட்டுப் பாத்தாலும், அது குலை நோய்க்கே குறிவச்ச மருந்து. குலை நோய்ப் பூஞ்சை இலையைத் துளைக்கறதுக்கு வேண்டிய கரு நிறமியை உண்டாக்க விடாம தடுக்கும், அவ்வளவுதான் அதோட வேலை. பக்கானேக்கும் செம்புள்ளிக்கும் அதை நம்பி இருக்கக்கூடாது. உங்க நாத்தங்கால்ல குலை நோய் இல்லைன்னா காசும் போகும், ஒரு வாரமும் போகும்.

நிஜமாவே குலை நோயா இருந்தா இங்க அடிக்கறதுக்கு ஐசோபுரோதியோலேன் 40 ஈ.சி. லிட்டருக்கு ஒன்றரை மில்லி இருக்கு, டெபுகோனசோல் 25.9 ஈ.சி. ஒன்றரை மில்லி இருக்கு. ஆரம்பத்துல பாத்துட்டா சூடோமோனாஸ் லிட்டருக்கு 20 கிராம்.

வடகரப்பதி நஞ்சை

பாத்துட்டேங்க. நெட்டையில அஞ்சு பிடுங்கினதுல நாலுல மண்ணுக்கு மேல ரெண்டாவது கணுவுல வேர் இருக்கு. ஒண்ணுல அடித்தண்டு பழுத்து இளஞ்சிவப்பா மாவு. எண்ணிப் பாத்ததுல நூத்துக்கு மூணு நாலு நாத்து இப்படி.

ஓரத்துல புள்ளி முட்டை வடிவம், சின்னது, சுத்தி மஞ்சள். கூரா நீண்டது ஒண்ணும் இல்லை. அடி இலைகள்ல நிறைய, புது இலை பச்சையாத்தான் இருக்கு. கையில ஒட்டின பேன் 12 தடவைக்கு பத்துக்குள்ளதான்.

மூலத்தறை மடை

அப்ப தெளிவாயிடுச்சு. நெட்டை பக்கானே, ஓரம் செம்புள்ளி. பேனுக்கு மருந்து வேண்டாம், 12 தடவைக்கு 60 தாண்டினாத்தான் யோசிக்கணும். புது இலை பச்சைன்னா இரும்புக் குறையும் இல்லை.

பயிர்நோய்ப் பக்கம்

இனி என்ன செய்வது. பக்கானேயைத் தெளித்துக் குணப்படுத்த முடியாது, பூஞ்சை தண்டுக்குள் இருக்கிறது. நூற்றுக்கு மூன்று நான்கு என்பதால் நாற்றங்காலைக் கைவிடத் தேவையில்லை. நெட்டையானதையும், அடி பழுத்ததையும், குட்டையாக வாடியதையும் வேரோடு பிடுங்கி ஒரு சாக்கில் போடுங்கள். வரப்பிலோ வாய்க்காலிலோ எறியக்கூடாது. காயவைத்து எரித்துவிடுங்கள். மூன்று நாள் கழித்து ஒரு முறை, நாற்றுப் பறிக்கும்போது ஒரு முறை மறுபடி பொறுக்க வேண்டும், ஏனென்றால் எல்லாம் ஒரே நாளில் நீள்வதில்லை.

பறித்த நாற்று முடிகளை (கட்டுகளை) நடவுக்கு முன் கார்பென்டசிம் 50 டபிள்யூ.பி. லிட்டருக்கு 2 கிராம் கரைசலில் வேர் மூழ்க அரை மணி நேரம் வைக்கலாம். வேரில் மண் அப்பியிருந்தால் மருந்து ஏறாது, கழுவிவிட்டு நனையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெளியே தெரியாமல் நோய் ஏறியிருக்கும் நாற்றை இது முழுதாகக் காப்பாற்றாது. நட்ட பிறகும் சில தூர் நீளும், அதையும் பிடுங்க வேண்டும்.

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்றால், அந்தத் தூர் சரியாகக் கிளைக்காது, கதிர் வந்தாலும் பதர். செத்த தண்டின் மேல் உண்டாகும் வித்துகள் பூக்கும் பருவத்தில் பக்கத்துக் கதிர்களின் பூவில் விழுந்து நல்ல விதைக்குள்ளும் போய்விடும். இந்தக் கண்டத்திலிருந்து அடுத்த விளைக்கு விதை எடுக்கவே கூடாது. பக்கத்துக் கண்டத்துக்காரரும் எடுக்காமல் இருப்பது நல்லது.

எருத்தேம்பதி கரிசல்

செம்புள்ளிக்கு மருந்தை விட முதல்ல தண்ணியும் தீனியும். மேட்டு ஓரத்தைச் சரிபண்ணி ஒரு விரல்கடை தண்ணி ஒரே சீரா நிக்கற மாதிரி வைங்க. நாத்து பறிக்க ஒரு வாரம்தான் இருக்கறதால சென்ட்டுக்கு அரைக் கிலோ யூரியா, கால் கிலோ பொட்டாஷ் போதும். கரிசல்ல நாத்து பிடுங்கும்போது வேர் அறுந்துபோகும், அதுக்கு விதைச்ச பத்தாம் நாள் சென்ட்டுக்கு 4 கிலோ ஜிப்சம், 1 கிலோ டி.ஏ.பி. போடறது வழக்கம், உங்களுக்கு அந்த நாள் தாண்டிடுச்சு.

மருந்துன்னா மான்கோசெப் 75 டபிள்யூ.பி. லிட்டருக்கு 2 கிராம். சென்ட்டுக்கு 2 லிட்டர் கரைசல் வேணும், உங்க 8 சென்ட்டுக்கு 16 லிட்டர் டேங்க் ஒண்ணு, 32 கிராம் மருந்து. புள்ளி ஓரத்துல மட்டும்தான்னா ஓரத்துக்கும் அதை ஒட்டி ஒரு கோல் அகலத்துக்கும் அடிச்சாப் போதும். ராத்திரிப் பனி காஞ்சு, காத்து எழும்பறதுக்கு முன்னாடி அடிங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து கிளம்பிட்டா மருந்து இலையில நிக்காது.

ஆனைமலை பாய்நாற்று

இதே இழையில ஒண்ணு கேட்டுக்கறேனுங்க. மிஷின் நடவுக்கு ட்ரேயில போட்ட நாத்து 7 நாள். விதை மேல வெள்ளைப் பஞ்சு மாதிரி பூசணம், நாத்து வட்டம் வட்டமா சாயுது. கார்பென்டசிம் ஊத்தினேன், நிக்கவே இல்லை.

பயிர்நோய்ப் பக்கம்

விதையைச் சுற்றி எல்லாப் பக்கமும் பஞ்சு இழை நீட்டிக்கொண்டிருந்தால் பித்தியம், அக்லியா போன்ற நீர்ப்பூஞ்சைகள். இவை உண்மையான பூஞ்சைக் குடும்பமே அல்ல. கார்பென்டசிம் வேலை செய்யும் இடம் இவற்றில் மருந்துக்குப் பிடிகொடுக்காது. அதனால்தான் எவ்வளவு ஊற்றினாலும் நிற்கவில்லை.

முதலில் தண்ணீரை வடியுங்கள். ட்ரே மண் ஈரமாக இருந்தால் போதும், விதை மேல் தண்ணீர் நிற்கவே கூடாது. மூடாக்கு இன்னும் இருந்தால் எடுத்துவிடுங்கள். பாதித்த வட்டத்துக்கும் அதைச் சுற்றிலும் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்துப் பூவாளியால் ஊற்றலாம். அடுத்த முறை ட்ரேக்கு 100 கிராம் விதைக்கு மேல் போகாதீர்கள். உமி உடைந்த விதை, பதர் கலந்த விதை இருந்தால் பூசணம் அங்கிருந்துதான் கிளம்பும். உப்புத் தண்ணீரில் போட்டு மிதப்பதை எடுத்துவிட்டாலே பாதிப் பிரச்சனை வராது.

ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: பஞ்சு நாற்றின் அடியில், மண்மட்டத்தில் இருந்து, அதோடு கடுகு போன்ற பழுப்பு உருண்டைகள் தெரிந்தால் அது ஸ்கிளிரோஷியம். அதற்குச் சிகிச்சை நேர் எதிர், தண்ணீர் கட்ட வேண்டும். ஒன்றாம் விளைக்கு ஏப்ரல், மே வெயிலில் வறண்ட மண்ணில் பொடி விதைப்பு விடும் இடங்களில் அதுதான் அதிகம்.

மூலத்தறை மடை

உமா போடறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. உமாவுக்கு அறுவடைக்கு அப்புறம் மூணு வாரம் வரைக்கும் விதை உறக்கம் உண்டு. ஒன்னாம் விளை அறுத்த கையோட அதையே ரெண்டாம் விளைக்கு விட்டா முளைப்பு திட்டுத் திட்டாத்தான் வரும். அதை விதை அழுகல்னு நினைச்சு மருந்து ஊத்தறாங்க. முளைக்காத விதையைப் பிதுக்கிப் பாருங்க. உள்ள அரிசி கெட்டியா, வாடை இல்லாம இருந்தா உறக்கம். கூழா, நாத்தம் அடிச்சா அழுகல்.

வேலந்தாவளம் தராசு

நாத்து நுனி கிள்ளறதைப் பத்தி யாரும் சொல்லலையே. நடவுக்கு முன்னாடி நுனியைக் கிள்ளிட்டா குருத்துப்பூச்சி முட்டைக் குவியல் போயிடும், கையேட்டுலயே இருக்கு.

மூலத்தறை மடை

அண்ணா, நம்ம பக்கம் அதை நான் சொல்ல மாட்டேன். பாக்டீரியா இலைக்கருகல் இருக்கற ஏரியாவுல நுனி கிள்ளினா ஒவ்வொரு காயமும் கிருமிக்கு வாசல். ஒரே கையால, ஒரே அரிவாளால ஆயிரம் நாத்துக்குப் பரப்பி விட்டுடுவோம். நட்டு ரெண்டு மூணு வாரத்துல இலை சாம்பல் பச்சையா சுருண்டு தூரோட வாடும், கிரெசெக்னு சொல்றது அதைத்தான். குருத்துப்பூச்சின்னு தப்பா நினைப்பாங்க. நடுக்குருத்தை இழுத்தா கையோட வந்துட்டா பூச்சி. வராம இருந்து, அடித்தண்டை வெட்டி அமுக்கினா மஞ்சள் கசிவு வந்தா பாக்டீரியா. இலைத்துண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணியில போட்டா வெட்டுவாயில இருந்து பால் மாதிரி இறங்கும்.

முட்டைக் குவியலை இலையோட கையால கிள்ளி எடுங்க, முடி முழுக்க வெட்ட வேண்டாம்.

வேலந்தாவளம் தராசு

சரிதான். கருகல் வந்த வருசமா இருந்தா நான் சொன்னது பொருந்தாது. நாத்தங்கால்லயே சந்தேகம் இருந்தா பச்சைச் சாணி லிட்டருக்கு 20 கிராம் கரைச்சு, தெளிய விட்டு, வடிகட்டித் தெளிக்கறது பட்டாம்பி ஆராய்ச்சி நிலையத்தை நடத்தற கேரள வேளாண் பல்கலைக்கழகத்தோட பரிந்துரை. நட்ட வயலுக்கு ஏக்கருக்கு 2 கிலோ ப்ளீச்சிங் பவுடரைச் சின்னச் சின்னத் துணிக் கிழியா கட்டி மடை வாயில போடலாம். ஆனா சூடோமோனாஸ் விட்டிருந்தா ப்ளீச்சிங் அதைக் கொன்னுடும், செம்பு மருந்தும் அப்படித்தான். குறைஞ்சது பத்து நாள் இடைவெளி வேணும்.

வடகரப்பதி நஞ்சை

நெட்டையைப் பொறுக்க ஆள் விட்டாச்சு, ஓரத்துக்கு மான்கோசெப் நாளைக்குக் காலையில. மூலத்தறைத் தடுப்பணையில இருந்து தண்ணி விடறது தள்ளிப்போனா நாத்து 25 நாள் தாண்டும் போலிருக்கு, அப்ப செம்புள்ளி மறுபடி ஏறுமா? அடுத்த விளைக்கு விதையை எப்படி நேர்த்தி பண்றதுன்னும் சொல்லிடுங்க.

எருத்தேம்பதி கரிசல்

ஏறும். நாத்து முத்த முத்த அடி இலை பசியில நோய்க்கு இடம் கொடுக்கும். தள்ளிப்போகும்னு தெரிஞ்சா பொட்டாஷை இன்னொரு கால் கிலோ சென்ட்டுக்குக் கொடுத்து, 10 நாள் கழிச்சு மான்கோசெப் ரெண்டாவது தடவை. யூரியாவை மட்டும் கூட்டாதீங்க, அது குலை நோயை வெத்தலை பாக்கு வச்சு அழைக்கறதுதான்.

பயிர்நோய்ப் பக்கம்

விதை நேர்த்தி. விதை வேறு இடத்திலிருந்து, கிருஷிபவன் (அரசு வேளாண் அலுவலகம்) வழியாகவோ சான்று விதையாகவோ எடுங்கள். 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ அளவு உப்பு. புது முட்டை மிதந்து மேலே காசளவு தெரிய வேண்டும், அதுதான் பதம். மிதக்கும் விதையைத் தள்ளி, மூழ்கியதை மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு தங்கினால் முளைப்பு கெடும்.

பிறகு ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அதில் 2 கிராம் கார்பென்டசிம், இரண்டு மணி நேரம் ஊறல். வடித்துவிட்டு 24 மணி நேரம் ஈரச் சாக்கில் முளைகட்டி விதையுங்கள். உலர்ந்த விதையில் தூளைப் புரட்டுவதைவிட இந்த ஈர நேர்த்தி நாற்றுக்குக் கூடுதல் நாள் பாதுகாப்புத் தரும், ஏறத்தாழ 40 நாள் வரை. தூள் புரட்டினால் முளைகட்ட ஊறவைக்கும்போதே பாதி கழுவிப்போகிறது.

நன்மை செய்யும் பூஞ்சையான டிரைக்கோடெர்மாவை இதோடு சேர்க்காதீர்கள், கார்பென்டசிம் அதைக் கொன்றுவிடும். சூடோமோனாஸ் பாக்டீரியா என்பதால் அந்த அளவு பாதிக்காது, இருந்தாலும் ஒரே வாளியில் கலக்காமல் நடவின்போது வேர் நனைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், லிட்டருக்கு 20 கிராம், 20 முதல் 30 நிமிடம்.

மருந்தே வேண்டாம் என்பவர்கள் 53 முதல் 54 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் விதையை வைத்து உடனே குளிர்நீரில் போடலாம். செம்புள்ளிக்கு அது நன்றாகக் கேட்கும். ஆனால் வெப்பமானி இல்லாமல் கைப்பதம் பார்த்துச் செய்யாதீர்கள். சூடு நான்கைந்து டிகிரி ஏறினாலும் முளைப்பு போய்விடும்.

மூலத்தறை மடை

ஊறவச்ச மருந்துத் தண்ணியை வாய்க்கால்லயும் கிணத்துப் பக்கமும் ஊத்திடாதீங்க தம்பி. நடவு இல்லாத மேட்டுல குழி வெட்டி ஊத்துங்க. மருந்து போட்ட விதை மிச்சம் இருந்தா கோழிக்குப் போடக்கூடாது, அதையும் அந்தக் குழியிலயே மூடிடுங்க.